பத்துப் பார்சலுக்குப் பதினேழு பர்ச்சேஸ்

கடையில் நடக்கிற விற்பனையை விளம்பர நிறுவனத்துக்குத் தெரிவிக்கிற டிராக்கிங்கைச் சர்வர் வழியாகப் போட்டுத் தருகிறோம் என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: போட்டு முடித்ததும் எதோடு ஒத்துப் பார்ப்பீர்கள்? அநேகமாக வருகிற பதில், "ஈவென்ட்ஸ் மேனேஜரில் பச்சை விழுந்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்பது. பச்சை விழும், சந்தேகமில்லை. ஏதோ ஒன்று முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற மெட்டாவின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி. போனது விற்பனைதானா, ஒரே விற்பனை இரண்டு தடவை போனதா, வாங்கியவர் யாரென்று அந்தப் பக்கத்தில் புரிந்ததா என்றெல்லாம் கேட்டால் பச்சை வாய் திறக்காது.

நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிற ஊர். சுற்றிலும் தோட்டங்கள், பல இடங்களில் கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று டவுனில் சேலைக் கடை, பூசைச் சாமான் கடை, தையல் கடை, முறுக்கு வியாபாரம் என்று நடத்துகிறார்கள். கடைக்கு முன்னால் நடந்து போகிற கூட்டத்தை மட்டும் நம்பி இப்போது பிழைக்க முடியாது. வாங்குகிற வயதில் இருப்பவர்களில் பலர் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். கடைதான் அவர்களுடைய கைப்பேசிக்குள் போயாக வேண்டும். அதனால் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் என்று விளம்பரக் காசு கரைய ஆரம்பித்துவிடும். அந்தக் காசு எங்கே போகிறது என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை.

இதை எழுத வைத்தவர் ஒரு சேலைக் கடை அக்கா. அவருக்கு வெப்சைட் இருக்கிறது, கோலாலம்பூரில் ஓர் ஏஜென்சி விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிறது, ஆனால் கணக்கு மட்டும் 555 புத்தகத்தில்தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும், மளிகைக் கடையில் கடன் எழுத மலேசியா முழுக்கப் புழங்கியது. ஆன்லைன் ஆர்டர் வந்தாலும் அக்கா அதில் ஒரு வரி எழுதுவார்: ஆர்டர் எண், பெயர், ஊர், தொகை, பணம் எந்த வழியாக வந்தது, கூரியர்காரர் எடுத்த தேதி. ஒரு வாரக் கணக்கை என் முன்னால் விரித்து வைத்தார்.

"என்னா தம்பி, அவங்க ரிப்போர்ட்ல பதினேழு பர்ச்சேஸ்னு போட்டிருக்கு. நான் பத்து பார்சல்தான் கட்டுனேன். மீதி ஏழு சேலைய யாரு கட்டிக்கிட்டுத் திரியிறா?"

ஏஜென்சியைக் கேட்டதற்கு "அது ஆட்ரிபியூஷன் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டார்களாம். இந்த ஒரு சொல்லைச் சொன்னால் கடைக்காரர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நடந்த ஒரு விற்பனையை எந்த விளம்பரத்தின் பேரில் எழுதுவது என்பதுதான் ஆட்ரிபியூஷன். விளம்பரத்தைக் கிளிக் செய்த 7 நாளுக்குள் வாங்கினால், அல்லது வெறுமனே பார்த்த 1 நாளுக்குள் வாங்கினால் அந்த விளம்பரத்துக்குப் பெயர் என்பது மெட்டாவின் வழக்கமான ஏற்பாடு. இந்தக் கணக்கு பத்து விற்பனையில் எட்டை விளம்பரத்தின் பேரில் எழுதலாம், பத்தையும் எழுதலாம். பதினேழை எங்கிருந்து கொண்டுவரும்?

இங்கேயே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விளம்பரச் செலவைக் காட்டுகிற ஆட்ஸ் மேனேஜரும், கடையிலிருந்து வந்த ஈவென்ட்களை, அதாவது பர்ச்சேஸ் போன்ற நிகழ்வுகளின் பதிவுகளைக் காட்டுகிற ஈவென்ட்ஸ் மேனேஜரும் ஒன்றல்ல. முதலாவதில் விளம்பரத்தின் பேரில் எழுதப்பட்டவை மட்டும் வரும். அதில் மெட்டாவின் மதிப்பீடும் கலந்திருக்கும். இரண்டாவதில் விளம்பரம் பார்க்காமல் நேராக வந்து வாங்கியவரின் பர்ச்சேஸும் வரும். கடைக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். அதில் பர்ச்சேஸ் வரியை விரித்தால் பிரவுசரிலிருந்து எத்தனை, சர்வரிலிருந்து எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும்.

விரித்தேன். சர்வரில் 10, பிரவுசரில் 7. பத்தும் ஏழும் பதினேழு.

இந்த மாதிரி வித்தியாசத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு வகையில் சந்தோஷம்தான், ஏனென்றால் எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. இரண்டு வழியாகவும் அனுப்புவதில் தவறில்லை. அப்படித்தான் மெட்டாவே செய்யச் சொல்கிறது. வந்து சேர்ந்த இடத்தில் இரட்டையை அடையாளம் கண்டு ஒன்றைக் கழிக்க வேண்டும், அது நடக்கவில்லை. அது மட்டுமில்லை: உண்மையான ஆர்டருக்கும் பிரவுசர் கணக்குக்கும் இடையில் 3 குறைகிறது. அதாவது வாங்குபவரின் பிரவுசரிலிருந்து மெட்டாவுக்குச் சொல்ல வேண்டிய பிக்சல், பத்தில் மூன்று பேரின் கைப்பேசியிலிருந்து பேசவே இல்லை. கழித்தல் வேலை செய்யாத கடையில் ரிப்போர்ட் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் பிக்சல் ஒன்றையும் விடவில்லை என்று அர்த்தம். இரண்டு மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் பிரவுசரில் தொலைந்தது.

ஏன் தொலைகிறது என்று கேட்டால் எல்லோரும் ஆப்பிளைக் காட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு. பிக்சல் என்பது வாங்குபவரின் பிரவுசருக்குள் ஓடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். விளம்பரத் தடுப்பான் வைத்திருந்தால் அது ஓடாது. ஆளை அடையாளம் வைக்க ஸ்கிரிப்ட் பிரவுசரில் போடுகிற குக்கி என்ற சின்னக் குறிப்பை ஐபோனின் சஃபாரி 7 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. விளம்பர இணைப்பின் வாலில் கிளிக் ஐடியோடு, அதாவது அந்த ஒரு கிளிக்குக்கு உரிய அடையாளத்தோடு வந்திருந்தால் சில சமயம் 24 மணி நேரம்தான். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5இலிருந்து, செயலிகள் ஆளைப் பின்தொடர வேண்டுமானால் அனுமதி கேட்டாக வேண்டும். கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ என்கிற சர்வர் வழியைப் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். கடையின் சர்வரே நேராக மெட்டாவின் சர்வரிடம் "இன்னார் இவ்வளவுக்கு வாங்கினார்" என்று சொல்லிவிடும். நடுவில் பிரவுசரின் தயவு வேண்டாம்.

ஆனால் நம் நாட்டில் பிக்சல் தொலைவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டிகளில் அது இருக்காது. எஃப்பிஎக்ஸ், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக இணையத்தில் பணம் கட்டுகிற மலேசிய வழி. வாங்குபவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தட்டுகிறார். இன்ஸ்டாகிராமின் உள்ளேயே ஒரு பிரவுசர் திறக்கிறது. சேலையைத் தேர்ந்தெடுத்து, எஃப்பிஎக்ஸில் வங்கியைத் தொடுகிறார். வங்கியின் பக்கம் வருகிறது, லாகின் செய்கிறார். ஒப்புதலுக்கு வங்கிச் செயலியைத் திற என்கிறது. இன்ஸ்டாகிராமை விட்டு வெளியே வந்து வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுக்கிறார். பணம் போய்விட்டது, எஸ்எம்எஸ்ஸோ அறிவிப்போ வந்துவிட்டது. அதற்கு மேல் ஏன் கடையின் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்? சாப்பிடப் போய்விடுகிறார். திரும்பினாலும் அந்த உள் பிரவுசர் பக்கம் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. "நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்கிற பக்கம் திறக்கவே இல்லை. பர்ச்சேஸ் பிக்சல் குடியிருப்பதோ அந்தப் பக்கத்தில். பணம் வந்த செய்தி, கடைக்காகப் பணம் வாங்கித் தருகிற பேமெண்ட் கேட்வேயிலிருந்து கடையின் சர்வருக்கு கால்பேக் என்கிற தானியங்கித் தகவலாகத் தனியே வந்துவிடும், ஆர்டரும் "பணம் செலுத்தப்பட்டது" என்று மாறிவிடும். அக்காவுக்கு ஆர்டர் தெரியும், பிக்சலுக்குத் தெரியாது.

அக்காவின் நோட்டில் பணம் வந்த வழியை எழுதியிருந்தார் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவியது. பிரவுசரில் தொலைந்த மூன்று ஆர்டர் எண்களையும் தேடிப் பார்த்தால் மூன்றும் எஃப்பிஎக்ஸ். கார்டில் கட்டியவை எல்லாம் பிக்சலிலும் இருந்தன.

சரி, சோதனைக்கு வருவோம். டெமோ ஆர்டர், சாண்ட்பாக்ஸ் என்கிற போலிச் சோதனைச் சூழல் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. கடையில் இருக்கிறதிலேயே மலிவான பொருளை உண்மையான பணம் கொடுத்து வாங்குவேன். அக்கா கடையில் அது பொட்டு பாக்கெட். ஒன்றைக் கார்டில், ஒன்றை எஃப்பிஎக்ஸில் நன்றிப் பக்கம் வரை, இன்னொன்றை எஃப்பிஎக்ஸில் பணம் போனதும் பிரவுசரை மூடிவிட்டு, இன்னொன்றை இ-வாலட்டில். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும். ஒரு பக்கம் ஈவென்ட்ஸ் மேனேஜரின் டெஸ்ட் ஈவென்ட்ஸ் பக்கம் திறந்திருக்கும். மறுபக்கம் சர்வரின் லாக், அதாவது கடை மெட்டாவுக்கு என்ன அனுப்பியது, மெட்டா என்ன பதில் சொன்னது என்பதன் முழு வாசகம். இந்த லாக் இல்லாத கடையில் வேலையைத் தொடங்குவதற்கு முன் அதை எழுத வைப்பேன். அது இல்லாமல் பார்ப்பது, மெட்டா காட்டுவதை மெட்டாவை வைத்தே சரிபார்ப்பது.

கார்டு ஆர்டரில் டெஸ்ட் ஈவென்ட்ஸ் பக்கத்தில் இரண்டு பர்ச்சேஸ் வந்தது. கழித்தல் நடந்திருந்தால் ஒன்றின் பக்கத்தில் இரட்டை என்று கழிக்கப்பட்டதாகக் காட்டும். காட்டவில்லை. இரண்டையும் விரித்து ஈவென்ட் ஐடியை, அதாவது ஒவ்வொரு ஈவென்ட்டோடும் போகிற அடையாள எண்ணைப் பார்த்தேன். சர்வர் அனுப்பியது வெறும் ஆர்டர் எண். பிரவுசர் அனுப்பியதில் அந்த இடமே காலி.

ஏஜென்சி பிரவுசர் பக்கத்தை, ஸ்கிரிப்ட்களை வெப்சைட்டில் வைக்கிற கருவியான கூகுள் டேக் மேனேஜரில் போட்டிருந்தது, ஐடியையும் எழுதித்தான் இருந்தது, ஆனால் தப்பான அடைப்புக்குள். பிக்சல் கட்டளையில் நான்கு பாகங்கள் உண்டு: டிராக் என்பது ஒன்று, பர்ச்சேஸ் என்பது இரண்டு, தொகையும் நாணயமும் இருக்கிற அடைப்பு மூன்று, ஈவென்ட் ஐடிக்கென்றே தனியாக நான்காவது அடைப்பு. இவர்கள் ஐடியைத் தொகையோடு சேர்த்து மூன்றாவதில் போட்டுவிட்டார்கள். அங்கே போட்டால் அது கூடுதல் விவரம் என்ற கணக்கில் போய்ச் சேரும். பிழை என்று எங்கும் சிவப்பு விழாது. மெட்டா இரட்டையை முக்கியமாகக் கண்டுபிடிப்பது ஈவென்ட் பெயரும் ஈவென்ட் ஐடியும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதை வைத்து, அதுவும் 48 மணி நேரத்துக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால்தான்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர் என்பதால் இதை அக்காவுக்கு இப்படிச் சொன்னேன்: ஒரே வாளிப் பாலை இரண்டு கிராணிகள், அதாவது தோட்டத்துக் கணக்கர்கள், தனித்தனியாக நிறுத்துத் தனித்தனி ஏட்டில் எழுதுகிறார்கள். இரண்டு ஏட்டிலும் உங்கள் செக்ரோல் நம்பர், அதாவது தோட்டத்தில் உங்கள் ஆள் எண், இருந்தால் ஒன்றை அடித்துவிடலாம். ஒருவர் நம்பரை எழுதி இன்னொருவர் எழுதாமல் விட்டால், இரண்டு ஆள் பால் கொண்டுவந்ததாகத்தான் ஆகும். அக்கா சிரித்தார். "அந்தக் காலத்துல அப்படி எழுதியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

இன்னொரு வகைக் கோளாறை வேறு கடைகளில் பார்த்திருக்கிறேன்: இரண்டு பக்கமும் ஐடி இருக்கும், ஆனால் ஒரு பக்கம் 1042 என்றும் மறுபக்கம் அதற்கு முன்னால் 'ஆர்டர்' என்று ஒட்டியும் போகும். அல்லது ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கிப் போடுவார்கள். குலுக்கல் ஐடிதான் மோசம். நன்றிப் பக்கம் திறக்கும்போது ஒன்று, கேட்வேயின் கால்பேக் வரும்போது ஒன்று, கடை சரியாகப் பதில் சொல்லவில்லையென்று கேட்வே மறுபடி கால்பேக் அனுப்பினால் இன்னொன்று. ஒரு சேலைக்கு மூன்று பர்ச்சேஸ். ஆர்டர் எண்ணையே ஐடியாக வைத்து, அந்த ஆர்டருக்கு ஒரு தடவை அனுப்பியாயிற்று என்று டேட்டாபேஸில் குறித்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

அடுத்தது எஃப்பிஎக்ஸில் பிரவுசரை மூடிய ஆர்டர். சர்வர் பர்ச்சேஸ் ஒன்றுதான் வந்தது, எதிர்பார்த்தபடி. ஆனால் லாகில் உள்ளே பார்த்தால் வாங்கியவரின் ஐபி முகவரி என்ற இடத்தில் இருந்தது என் வீட்டு யூனிஃபை இணைய இணைப்பின் ஐபி இல்லை. எந்தக் கருவி, எந்தப் பிரவுசர் என்று சொல்கிற யூசர் ஏஜென்ட் என்ற இடத்தில் ஐபோன், சஃபாரி என்று எதுவும் இல்லை. ஒரு புரோகிராமின் பெயர் இருந்தது. கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். கால்பேக்கை அனுப்பியது பேமெண்ட் கேட்வேயின் சர்வர். கடையின் கோட், "இந்த நேரத்தில் கதவைத் தட்டியது யார்" என்று பார்த்து அதன் ஐபியையும் யூசர் ஏஜென்டையும் எடுத்து, வாங்கியவருடையது என்று மெட்டாவுக்கு அனுப்பியிருக்கிறது. அன்றைக்கு வரை வந்த கால்பேக் ஆர்டர்கள் எல்லாமே கேட்வே என்கிற ஒரே ஆள் வாங்கியதாகப் போயிருக்கின்றன! ஆளை அடையாளம் காண மெட்டா பயன்படுத்துகிற எஃப்பிபி, எஃப்பிசி என்கிற இரண்டு குக்கிகளும் காலி. கேட்வேயிடம் வாங்கியவரின் குக்கி எப்படி இருக்கும்?

சர்வர் டிராக்கிங்கில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சர்வர் வழியைப் போட்டதே எஃப்பிஎக்ஸ் ஆர்டர்களைப் பிடிக்க. பிடித்ததும் அவற்றைத்தான், ஆனால் யாருடையவை என்று தெரியாத வடிவில். தீர்வு பெரிய வித்தையில்லை. வாங்குபவர் செக்அவுட் பொத்தானை அழுத்துகிற அந்தக் கணத்தில் அவருடைய ஐபி, யூசர் ஏஜென்ட், இரண்டு குக்கிகள் நான்கையும் ஆர்டரோடு சேமித்து வைக்க வேண்டும். கால்பேக் எப்போது வந்தாலும் சேமித்ததிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். வருகிறவருக்கும் கடைக்கும் நடுவில் நிற்கிற கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையின் பின்னால் கடை இருந்தால் ஐபியை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும், இல்லையென்றால் நடுவில் இருக்கிற சர்வரின் ஐபிதான் எல்லா ஆர்டரிலும் விழும். சோதிக்க எளிய வழி: லாகில் பர்ச்சேஸ்களின் ஐபியை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சங்கதி தெரிந்துவிடும்.

இவ்வளவு நடந்தும் மெட்டாவின் பதில் ஒவ்வொரு தடவையும் "ஈவென்ட் பெறப்பட்டது: 1" என்றுதான் இருந்தது. கடிதம் கைக்கு வந்தது என்ற அளவுக்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

அப்புறம் தொலைபேசி எண். மின்னஞ்சல், தொலைபேசி, பெயர் இவற்றை அப்படியே அனுப்பக்கூடாது. எஸ்எச்ஏ-256 முறையில் ஹேஷ் செய்து 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரமாக்கி அனுப்ப வேண்டும். ஐபி, யூசர் ஏஜென்ட், இரண்டு குக்கிகள் ஆகியவற்றை ஹேஷ் செய்யக்கூடாது. ஹேஷ் செய்யும் முன் வடிவத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், ஏனென்றால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் முழுச் சரமும் வேறாகிவிடும். மெட்டா கேட்கிற வடிவம்: நாட்டுக் குறியீட்டோடு, கூட்டல் குறி இல்லாமல், கோடு இல்லாமல், முன்னால் பூஜ்யம் இல்லாமல். நம் ஆட்கள் எழுதுவதோ 012 என்று தொடங்கி நடுவில் ஒரு கோடு, இல்லையென்றால் கூட்டல் 6012, சிலர் 6012. அக்கா கடையின் கோட் என்ன செய்தது என்றால், எது வந்தாலும் முன்னால் ஒரு 6 போட்டது. 012க்கு அது சரி, 6012 ஆகிவிடும். 6012 என்று எழுதியவருக்கு 66012 ஆகும். சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளை 8இலோ 9இலோ தொடங்குகிற எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால் 68, 69 என்று இல்லாத எண் ஒன்று பிறக்கும். தீபாவளி சமயத்தில் அக்காவுக்குச் சிங்கப்பூர் ஆர்டர்தான் பெரிய ஆர்டர்.

மின்னஞ்சலில் வேறு கதை. வயதானவர்கள் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலியாக இருந்தால் அனுப்பாமல் விட வேண்டும். இந்தக் கோட் காலியையும் ஹேஷ் செய்தது. ஒன்றுமில்லாததற்கும் எஸ்எச்ஏ-256 ஒரு விடை தரும், எப்போதும் ஒரே விடை: ஈ3பி0சி442 என்று தொடங்கும். இந்த வேலை செய்கிறவர்கள் அந்த எட்டு எழுத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். லாகில் அதைத் தேடினேன், வரிசையாக வந்து நின்றது. ஊரில் உள்ள பாட்டிமார் அத்தனை பேருக்கும் ஒரே மின்னஞ்சல்.

அனுப்பிய விவரத்தை வைத்து ஆளை எவ்வளவு பொருத்த முடிகிறது என்பதற்கு ஈவென்ட் மேட்ச் குவாலிட்டி என்று 10க்கு இத்தனை என ஒரு மதிப்பெண் வரும். ஏஜென்சிகள் அதை மெடல் மாதிரி ரிப்போர்ட்டில் போடுவார்கள். அது பயனில்லாதது என்று சொல்ல மாட்டேன். திடீரென்று இறங்கினால் எங்கோ ஏதோ உடைந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதை ஏற்றுவதற்காகவே கிடைத்த கட்டங்களை எல்லாம் நிரப்புவது வீண் வேலை. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் அடையாள அட்டையில் இருப்பதோ பெயர், நடுவில் மகன் என்பதற்கு ஏ/எல் அல்லது மகள் என்பதற்கு ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். முகநூலில் அந்தப் பெண் கணவர் பெயரையோ அபிமான நடிகர் பெயரையோ சேர்த்து வைத்திருப்பார். இதைப் பொருத்திப் பார்த்து என்ன ஆகப்போகிறது? தொலைபேசி எண்ணைச் சரியாக அனுப்பினால் நம் ஊர்க் கடைக்கு அதுவே பெரிய காரியம். அடுத்தது எஃப்பிசி குக்கி. விளம்பர இணைப்பின் வாலில் வருகிற கிளிக் ஐடி அதில்தான் இருக்கும். அதில் பெரிய எழுத்து சின்ன எழுத்து முக்கியம். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடுகிற பழக்கம் உள்ள கோட் இதையும் சின்னதாக்கிவிட்டால் ஐடி செத்தது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈவென்ட் நேரத்தை யூனிக்ஸ் நேரமாக, அதாவது உலகப் பொது நேரப்படி 1970 தொடக்கத்திலிருந்து எண்ணுகிற விநாடிகளாக அனுப்ப வேண்டும். மலேசிய நேரத்தை அப்படியே உலகப் பொது நேரம் என்று நினைத்து மாற்றினால் 8 மணி நேரம் எதிர்காலத்தில் போய் நிற்கும். 7 நாளுக்கு முந்தியதாக ஒரே ஒரு ஈவென்ட் இருந்தாலும், அதோடு கட்டாக அனுப்பிய அத்தனையும் திரும்பி வந்துவிடும். சர்வர் விழுந்து கிடந்த வாரத்தின் ஆர்டர்களைச் சேர்த்து அனுப்ப நினைக்கும்போது இது கடிக்கும். நாணயத்தை எம்ஒய்ஆர் என்று எழுத வேண்டும், ஆர்எம் என்று எழுதினால் ஏற்காது.

டெஸ்ட் கோடைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சர்வர் ஈவென்ட் டெஸ்ட் பக்கத்தில் தெரிய வேண்டுமானால் அதோடு ஒரு டெஸ்ட் கோடைச் சேர்த்து அனுப்ப வேண்டும். டெஸ்ட் என்று பெயர் இருப்பதால் அது எங்கேயும் கணக்கில் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். சேரும். விளம்பர அளவீட்டுக்கும் ஆள் தேர்வுக்கும் அது பயன்படும் என்று மெட்டாவின் ஆவணமே சொல்கிறது. ஐந்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) பொய் ஆர்டர் போட்டு விளையாடாதீர்கள். பொட்டு பாக்கெட் போதும்.

டிக்டாக்கிலும் கதை பெரும்பாலும் இதேதான். பிக்சல், ஈவென்ட்ஸ் ஏபிஐ, இரண்டுக்கும் பொதுவான ஈவென்ட் ஐடி. மெட்டாவுக்கு எழுதிய கோடை அப்படியே நகலெடுத்தால் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது: டிக்டாக் தொலைபேசி எண்ணைக் கூட்டல் குறியோடு கேட்கிறது. ஒரே எண், ஒரு கூட்டல் குறி வித்தியாசம், ஹேஷ் முற்றிலும் வேறு. பிழைச் செய்தி வராது, ஆள் மட்டும் பொருந்தமாட்டார்.

சட்டம் என்று ஒன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஹேஷ் செய்துவிட்டால் தனிநபர் விவரம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியக் கைப்பேசி எண்கள் எத்தனை இருக்க முடியும்? எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் ஹேஷ் செய்து ஒப்பிட்டுவிடலாம். விவரம் எங்கெல்லாம் போகிறது என்ற அறிவிப்பு மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அக்கா கடையில் தமிழிலும் ஒன்று போட்டோம், படிக்கிறவர்களுக்காக.

எல்லாம் சரி செய்த பிறகு வந்ததுதான் வேடிக்கை. ஈவென்ட்ஸ் மேனேஜரும் அக்காவின் நோட்டும் ஆர்டருக்கு ஆர்டர் ஒத்துப்போக ஆரம்பித்தன. அடுத்த கூட்டத்தில் ஏஜென்சி, "நீங்கள் கை வைத்த பிறகு விளம்பரம் சரிந்துவிட்டது, ஒரு விற்பனைக்கு ஆகும் செலவு ஏறிவிட்டது" என்றது. 340 வெள்ளி செலவு, எல்லா விற்பனையும் விளம்பரத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். 17ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 20 வெள்ளி. 10ஆல் வகுத்தால் 34 வெள்ளி. முன்பும் 34தான். ஒரு சேலையில் அக்காவுக்கு மிஞ்சுவது இருபதுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவில் இருந்தால், லாபம் என்று நினைத்துக்கொண்டு நட்டத்துக்கு விற்றிருக்கிறார். மலிவு வகைச் சேலை விளம்பரத்தை அக்கா அன்றே நிறுத்தச் சொன்னார். பட்டுக்கு மட்டும் போடச் சொன்னார்.

இதில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு, என் ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டையாகப் போனவை கார்டில் கட்டியவர்களும் நன்றிப் பக்கம் வரை பொறுமையாக வந்தவர்களும். ஒற்றையாக, அதுவும் கேட்வேயின் ஐபியோடு போனவை எஃப்பிஎக்ஸ் ஆட்கள். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று மெட்டா கற்றுக்கொள்வது இந்த ஈவென்ட்களை வைத்துத்தான். அப்படியென்றால் கார்டு வைத்திருக்கிற நகரத்து ஆட்களின் பக்கமே அது சாய்ந்திருக்க வேண்டும். திருத்திய பிறகு பேரா, கெடா பக்கத்து ஆர்டர் கூடியதாக அக்கா சொல்கிறார். தீபாவளி நெருங்கியதாலும் அப்படி இருக்கலாம்.

பார்சல் கைக்கு வந்ததும் காசு கொடுக்கிற ஆர்டர்களை ஆர்டர் போட்டபோதே பர்ச்சேஸ் என்று அனுப்புவதா, காசு வந்த பிறகா என்பதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. எனக்குக் காசு வந்த பிறகுதான். வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 7 நாளுக்குள் காசு வந்துவிட்டால், ஆர்டர் நேரத்தையே போட்டு அனுப்பவும் இடமிருக்கிறது. அக்காவுக்கு அது புரிந்தாலும், "அதுக்கு யாரு தம்பி உக்காந்து பாக்குறது" என்கிறார். அதுவும் நியாயம்.

மிச்சம் இருப்பது வாட்சாப். விளம்பரத்தில் சேலையைப் பார்த்துவிட்டு வெப்சைட் பக்கமே போகாமல் "அக்கா இந்தக் கலர் இருக்கா" என்று படம் அனுப்பி, வங்கியிலிருந்து உடனே பணம் அனுப்புகிற டியூட்நவ்வில் பணம் போட்டு, ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புகிறவர்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். இவர்களைப் பிக்சலும் பார்க்காது, கேட்வேயும் பார்க்காது. வாட்சாப்பின் வணிக ஏபிஐ வைத்திருக்கிற கடைகளுக்கு, விளம்பரத்திலிருந்து வருகிற முதல் செய்தியோடு ஒரு கிளிக் ஐடி வரும். விற்பனை முடிந்ததும் அதை வைத்து மெட்டாவுக்குச் சொல்ல முடியும். அக்கா வைத்திருப்பது சாதாரண வாட்சாப் பிசினஸ் செயலி. மாற்றுவதென்றால் அவர் மகளும் தையல்காரப் பெண்ணும் மாற்றி மாற்றிப் பதில் சொல்கிற அந்த ஒரு கைப்பேசியை என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். சீசனில் இதில் கை வைக்கக்கூடாது என்பதில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஏஜென்சிக்கும் ஒரே கருத்து.